சாக்பீஸுக்கு வந்த நிவாரணம்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

சுவரில் இடுப்பளவு உயரத்தில் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. மகள் எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் காய்ந்ததும் திரும்பி வந்துவிடுகிறது. இன்றும் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கைப்பேசி மணி அடித்தது. எடுத்துப் பார்த்தவள் துணியைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

"ஏங்க, வந்திருச்சு! சாக்பீஸுக்கு வந்திருச்சு!"

கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஏணியிலிருந்து இறங்காமலே சிரித்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

சாக்பீஸ் செத்துப்போன எங்கள் மாடு. நெற்றியில் யாரோ ஒரே இழுப்பாகச் சாக்பீஸால் இழுத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு. பெயர் நான் வைத்தது. வேலையை விட்டு வந்தாலும் வாத்தியார் புத்தி போகுமா?

பக்கத்து வீட்டு ஒத்தமாட்டுக்கு நிவாரணம் வரவில்லை. ஒரே ஒரு மாட்டை வைத்துப் பிழைப்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். இப்போது அந்த ஒன்றும் இல்லை.

"செத்ததுக்குத்தான் காசாம் அண்ணே, காணாமப் போனதுக்குக் கெடையாதாம்" என்றாள் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு. "போனது போச்சு, நம்ம தெருவுலயே எங்கயாச்சும் ஓரமா விழுந்து செத்திருந்தா நானும் பணக்காரி. அது என்னைக்கு என் பேச்சக் கேட்டுச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

காலையில் ஒத்தமாடு வந்து எங்கள் மாடுகளைக் கறந்து கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் வருகிறாள். "கை சும்மா இருக்கமாட்டேங்குது. நீங்க கூலி குடுத்தா சண்டைக்கு வருவேன்" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த நிவாரண விதியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். செத்த மாட்டின் உடல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் காது வில்லையாவது இருக்கவேண்டும். ஒவ்வொரு மாட்டின் காதிலும் எண் போட்டு மாட்டியிருக்கும் மஞ்சள் வில்லை.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொட்டகைக்குள் தண்ணீர் ஏறினால் முடிச்சு அவிழ்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, கயிற்றை அறுத்துவிடவேண்டும். மாடு நீந்திப் பிழைத்துக்கொள்ளும். மாப்பிள்ளை அறுத்தார். ஒத்தமாடும் அறுத்தாள். அறுக்க நேரமில்லாமல், அல்லது பயந்து, மாடியில் ஏறி நின்றவர்களின் மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்தன. உடல் இருந்தது. பணம் வந்தது. காப்பாற்ற நினைத்தவனுக்குக் கையில் ஒன்றும் இல்லை. பரீட்சையில் வெறும் தாளுக்கு நூறும், எழுதியவனுக்குச் சுழியும் போட்டால் அடுத்த பரீட்சைக்கு எவன் எழுதுவான்?

நாங்கள் அறுத்துவிட்டதில் இரண்டு திரும்பவில்லை. செவலை போன இடம் தெரியவில்லை. அதற்குப் பணமும் இல்லை. சாக்பீஸ் பாலத்தடி வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்தது. காது கிழிந்து வில்லை போயிருந்தது. மாப்பிள்ளை அப்போது செவலையைத் தேடிக் கரையோரமாகப் போயிருந்தார். மகள் வெள்ள நிவாரண முகாமில், காய்ச்சலில் கிடந்த ஒத்தமாட்டுக்குத் துணையாக. நான் ஒருவன்தான் இருந்தேன். மாட்டுக்கு வயிறு ஊதி, முகமெல்லாம் சேறு. நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்கள் குழியைத் தோண்டிவிட்டுச் சுண்ணாம்போடு காத்திருந்தார்கள். மாட்டு டாக்டர் தயங்கினார்.

"வில்லை இல்லாம எப்படிங்க எழுதறது?"

நான் நெற்றியைத் துடைத்துப் பார்த்தேன். வெள்ளை தெரிந்தது. "எங்க சாக்பீஸ்தான்" என்றேன்.

"வாத்தியாரே சொன்னப்புறம் என்ன" என்று எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

எழுத்து கோணலாக விழுகிறது.

பத்து மணி சுமாருக்கு ஒரு அழைப்பு. புது எண். ஆற்றின் கீழ்ப்பக்கம், அக்கரையிலிருந்து ஒருவர்.

"சார், உங்க மாடு ஒண்ணு எங்கிட்ட நிக்குது."

செவலை என்றுதான் நினைத்தேன். எழுந்தே நின்றுவிட்டேன்.

"நெத்தியில வெள்ளக் கோடு சார். கரையில படுத்துக் கெடந்துச்சு, எந்திரிக்கவே பத்து நாளாச்சு. வில்லை நம்பரைக் குடுத்து இங்க பால் சொசைட்டியில கேட்டேன், உங்க போன் நம்பரு குடுத்தாங்க. வயித்துல கன்னு வேற இருக்கு. எப்ப வந்து ஓட்டிட்டுப் போறீங்க?"

மாப்பிள்ளையின் கைப்பேசி மாதம் ஒருமுறை தீவனத் தொட்டியில் விழும் என்பதால் எல்லா இடத்திலும் என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம்.

"பாக்கறேன்" என்றேன்.

பார்க்கிறேன்! மாட்டைத் தொலைத்தவன் சொல்லும் வார்த்தையா இது? அந்த மனிதருக்கும் ஏதோ உறுத்தியிருக்கவேண்டும். "நல்ல மாடு சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாக்பீஸ் உயிரோடு இருக்கிறது. அது செத்ததற்குப் பணம் வாங்கியாகிவிட்டது. செத்தது என்று சொன்னவன் நான்.

ஆகஸ்ட் 8, சனி

யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நேற்று முழுக்க ஒரு பயம். இன்று அதைவிடப் பெரியது.

சாக்பீஸ் அக்கரையில் நிற்கிறதென்றால், பாலத்தடிக் குழியில் நான் புதைக்கச் சொன்னது எது?

ஒத்தமாட்டின் மாட்டுக்கும் நெற்றியில் வெள்ளை உண்டு. ஏன் இல்லாமல்? நம் பக்கத்துக் கன்றுகளில் பாதி சினை ஊசி போட்டுப் பிறந்தவை, ஒரே காளையின் வித்து. அதை நானே தெருவில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். சாக்பீஸுக்கு மெல்லிய கோடு. அவள் மாட்டுக்குக் கொஞ்சம் அகலமான திட்டு. சேறு படிந்த முகத்தில், ஒரு பக்கம் விரிசல் விட்ட கண்ணாடியோடு நான் பார்த்தது கோடா, திட்டா? சொல்லத் தெரியவில்லை. அன்று மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குறிக்கவேண்டும் என்று புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குச் சொல்வேன். நானே இப்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டேன். வராத பிள்ளையைத் தேடாமலும் விட்டுவிட்டேன்.

இன்று காலையும் அவள் வந்து கறந்தாள். பால் செம்பில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பால் சொசைட்டியில் ஒரே பேச்சு. மேற்கே ஒருவன் உயிரோடிருக்கும் இரண்டு எருமைகளை உறவுக்காரன் தோட்டத்தில் மறைத்துவைத்து நிவாரணம் வாங்கியிருக்கிறான். ஆய்வுக் குழு வில்லை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டதாம்.

"ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க. பொண்டாட்டி பின்னாலயே ஓடுனாளாம்" என்றார் பால் அளப்பவர்.

"ஏத்தட்டும். திருட்டுப் பய" என்றார் மாப்பிள்ளை.

என் கையிலிருந்த தூக்குச்சட்டி நழுவியது. "வயசாயிருச்சு வாத்தியாருக்கு" என்று யாரோ சிரித்தார்கள். அடுத்தது நம் பக்கமாம் அந்தக் குழு.

அக்கரைச் சொசைட்டியில் வில்லை எண்ணைத் தேடியவருக்கு அது செத்த மாட்டின் எண் என்று தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் இந்நேரம் யாரிடம் சொல்லியிருப்பார்?

ஆகஸ்ட் 13, வியாழன்

அக்கரைக்காரர் மறுபடி மறுபடி கூப்பிடுகிறார். எடுக்கவில்லை. கைப்பேசியைத் தலையணைக்கடியில் வைத்தேன். அங்கிருந்தும் விர் விர் என்றது.

"அப்பா, யாருப்பா அது?"

"கடன் வேணுமான்னு கேக்கற கம்பெனிக்காரன்மா."

"உங்களுக்கா? கடனா?" கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சின்ன வயதில் நான் அவளைப் பார்த்த அதே பார்வை. செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அவள் போனபிறகுதான் தெரிந்தது.

எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்குப் போகிறேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மாப்பிள்ளை கடைக்குப் போய்ச் சங்கிலி வாங்கிவந்திருக்கிறார். மாடு கட்ட.

"கடையில சரக்கே இல்ல மாமா. ஊரே வாங்கிட்டுப் போயிருச்சு. கடைசியா கெடந்தத அள்ளிட்டு வந்தேன்."

"கயிறு இருக்கே மாப்பிள்ளை, நல்லாத்தானே இருக்கு?"

அவர் சங்கிலியைத் தரையில் கொட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கயிறுன்னா அறுக்கத் தோணும். செவலைக்கு அறுத்தேன். என்ன கெடச்சுது? சங்கிலின்னா அறுக்க முடியாது. அறுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கவும் வேண்டாம். கட்டுன எடத்துல கெடந்தா உடலாவது மிஞ்சும்."

அன்று கழுத்தளவு தண்ணீரில், வாயில் கத்தியைக் கடித்துக்கொண்டு, வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கும் கொட்டகைக்குள் முங்கி முங்கிப் போனவர் இவர்தான். மகள் மாடியிலிருந்து "வேண்டாம், வந்துருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். இப்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்தால் ஆறும் என்று இருந்துவிடலாம்.

ஆய்வுக் குழுவை நினைத்து இத்தனை நாள் பயந்தேன். இன்று இந்தச் சங்கிலியைப் பார்த்தபோது வந்தது வேறு பயம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மகளிடம்தான் முதலில். அடுக்களையில். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். "சாக்பீஸ் இருக்கா? உசுரோட இருக்கா?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பிடி மெல்லத் தளர்ந்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசல்படியில் மாப்பிள்ளை நின்றிருந்தார். எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை.

"எத்தன நாளாத் தெரியும் மாமா?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கதவுத் தாழ்ப்பாளைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சரி. இத இப்படிப் பாருங்க. செவலைக்கு வரவேண்டியது வரல. சாக்பீஸுக்கு வரக்கூடாதது வந்திருச்சு. நேருக்கு நேராப் போச்சு. சாக்பீஸ அக்கரையிலயே யாருக்காச்சும் குடுத்துடுவோம். யாரு வயித்துல அடிச்சோம்?"

பத்து நாளாக நானும் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்காவது எழுதிவைக்கிறேன். விடை சரியாக வருவதுபோலவே இருக்கும்.

மாப்பிள்ளைக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியவனில்லை நான். பெண் கொடுத்த இடத்தில், அதுவும் அவர் வீட்டிலேயே இருந்துகொண்டு... ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அப்ப அந்தக் குழியில கெடக்கறது யாரு மாடு மாப்பிள்ளை?"

அவர் மதில் பக்கம் பார்த்தார். ஒத்தமாடு அந்தப் பக்கம் துணி அலசும் சத்தம் கேட்டது.

"மெதுவாப் பேசுங்க மாமா" என்றார்.

ஆகஸ்ட் 17, திங்கள்

மகள் எனக்கும் மாப்பிள்ளைக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறதாம். பால் அளப்பவர் சொன்னார்.

அவர்களே கண்டுபிடித்தால் நாமும் அந்த எருமைக்காரனும் ஒன்றுதான். நாமாகச் சொன்னாலும் ஒன்றுதானோ? ஜீப்பில் மாப்பிள்ளை ஏறுவதும், மகள் பின்னால் ஓடுவதும் கண்ணை மூடினால் வருகிறது. சாட்சி சொன்னவன் நான். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது அவர் கணக்கில். என் ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா? நிறுத்தட்டும். அவரை விட்டுவிடுவார்களா?

நிவாரண அலுவலகத்தில் போய்ச் சொல்லுமுன் ஒரு ஆளிடம் சொல்லியாகவேண்டும். வேறு யாரோ சொல்லி அவள் கேள்விப்படக்கூடாது.

ஆகஸ்ட் 19, புதன்

ஒத்தமாடு கறந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. உதாரணம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன் போலிருக்கிறது. "கதை வேண்டாம் அண்ணே, விஷயத்தச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. பால் விழும் சத்தம் அதே தாளத்தில். மடி வற்றும்வரை கறந்தாள்.

"கண்ணு மூடியிருந்துச்சா?"

தெரியவில்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒரு மாசமா நான் கதவத் தாப்பாள் போடாமப் படுக்கறேன். வந்தா முட்டித் தொறக்கும்ல. அதுக்கு அந்தப் பழக்கம் உண்டு." பால் செம்பை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்க ஒரு வார்த்தை, இது எதுன்னு தெரியலன்னு சொல்லியிருந்தா போதும். நான் வந்து பாத்திருப்பேன். காய்ச்சல்னா என்ன, தவழ்ந்தாவது வந்திருப்பேன். தெரியலன்னு சொல்ல வாத்தியாருக்கு வாயி வரல, இல்ல?"

எழுந்து போய்விட்டாள். சிறிது நேரத்தில் அவள் வீட்டுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில்.

ஆகஸ்ட் 20, வியாழன்

காலையில் கறக்க அவள் வரவில்லை.

நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மருந்து மாத்திரைகளைப் பையில் வைத்திருந்தேன். எங்கே வைத்துக்கொள்வார்களோ, எத்தனை நாளோ. மகளுக்கு மட்டும் தெரியும்.

மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது.

"ஏறுங்க."

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை? நான் மட்டும்..."

"நீங்க மட்டும் போனா எல்லாத்தையும் உங்க தலையில தூக்கிப் போட்டுக்குவீங்க. அப்புறம் உங்க பொண்ணு எனக்குச் சோறு போடுவாளா? ஏறுங்க மாமா."

பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

அதிகாரி இளைஞர். தூக்கமில்லாத கண். மேசையெல்லாம் கோப்பு. நாங்கள் சொல்லச் சொல்ல எரிச்சல்தான் பட்டார்.

"முடிஞ்சு போன விஷயத்தத் தொறக்கச் சொல்றீங்க. மாடு வந்தா கமுக்கமா ஓட்டிட்டுப் போறவங்கதான் உண்டு. எழுதிக் குடுக்க வந்திருக்கீங்க. இது எங்க போயி முடியும்னு தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன். அந்த வார்த்தை இன்று வந்தது.

மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. என் பேச்சை நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

"தப்பா அடையாளம் காட்டினது யாரு?"

"நான்."

"நாங்க" என்றார் மாப்பிள்ளை.

வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். வழக்கா இல்லையா என்பதை மேலே முடிவு செய்வார்களாம். வெளியே ஜீப் நின்றிருந்தது. அதைத் தாண்டி நடந்தோம். யாரும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 24, திங்கள்

சிறிய லாரி பிடித்து அக்கரை போய்ச் சாக்பீஸைக் கூட்டிவந்தோம். எலும்பும் வயிறுமாக இருக்கிறது. மாப்பிள்ளை அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார், நான் திரும்பிக்கொண்டேன். தீவனச் செலவை அக்கரைக்காரர் வாங்கவில்லை. "அது போட்ட சாணியே என் வயலுக்குப் போதும் சார். போனை மட்டும் எடுத்திருக்கலாம்" என்றார்.

தெருவில் இறக்கும்போது வாசல்தோறும் ஆட்கள். ஒத்தமாட்டின் கதவு சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 31, திங்கள்

பால் சொசைட்டியில் ஒருவர்: "நீங்க போயி உளறிட்டு வந்ததால எல்லார் குழியையும் தோண்டிப் பாப்பாங்களாம்." தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசலில் இன்று யாரோ எங்களைக் குத்திக்காட்ட உடைந்த சங்கிலித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மகள் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டேன். அவளும் ஒன்று எடுத்து மறைத்திருக்கிறாள் என்று சாயங்காலம் தெரிந்தது.

செப்டம்பர் 2, புதன்

பால் செம்பின் சத்தம் கேட்டு விழித்தேன். மகளின் கை இல்லை அது. எனக்குத் தாளம் தெரியும்.

போய்ப் பார்த்தால் ஒத்தமாடு. கறந்து முடித்துவிட்டுச் சாக்பீஸின் முன்னால் போய் நின்றாள். அதன் நெற்றியை விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை தடவினாள்.

"இதுக்குக் கோடு. என்னோடதுக்குத் திட்டு. கண்ணாடிய மாத்துங்க அண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். நாளைக்கும் வருவாளா என்று கேட்கத் துணிவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வழக்கு இல்லை. பால் பணத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். குழியிலிருந்தது ஒத்தமாட்டின் மாடு என்று அவளிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவள் நிவாரணம் "பரிசீலனையில்" இருக்கிறதாம். அந்த வார்த்தையைக் கேட்டு அவள், "பரிசீலனை எத்தன லிட்டர் கறக்கும்?" என்றாள்.

மாட்டு டாக்டரைத் தூர இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது.

அக்டோபர் 8, வியாழன்

ஆற்றில் தண்ணீர் வரத்து கூடியிருக்கிறது என்று மதியமே ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். மறுபடியுமா? சாக்பீஸுக்கு இன்றோ நாளையோ கன்று விழும்.

இருட்டுவதற்குள் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வந்தேன். காற்றுக்கு மாடுகள் அசைய, கொட்டகைக்குக் கொட்டகை சங்கிலிச் சத்தம். பயத்தில் வேகமாக நடந்தேன். அத்தனை மாடும் கட்டுத்தறியைவிட்டு நகர முடியாமல் உடல் மிஞ்சக் காத்திருக்கின்றன.

எங்கள் கொட்டகைக்குப் போக மனம் வரவில்லை. மாப்பிள்ளையிடம் சங்கிலியைப் பற்றி நான் திரும்பக் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. கடைசியில் போய்ப் பார்த்தேன்.

காலையில்கூடக் கழுத்தில் இருந்த சங்கிலிகள் மூலையில் சாக்கின் மேல் கிடந்தன. மாடுகளின் கழுத்தில் கயிறு. புதுக் கயிறு. சாக்பீஸின் பக்கத்தில் ஒத்தமாடு வைக்கோலை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் இங்கயே இருக்கேன் அண்ணே. கன்னு வந்தாலும் தண்ணி வந்தாலும் ஒரு ஆளு வேணும்ல."

மழை தொடங்கிவிட்டது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. மகள் துணிகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கொட்டகை வாசலில் மாப்பிள்ளை கத்தி தீட்டும் சத்தம் இங்கேவரை கேட்கிறது.

ஒத்தமாடு அவரிடம் கேட்கிறாள்: "எனக்கும் ஒண்ணு தீட்டி வெச்சிருக்கீங்களா?"

"ரெண்டு வெச்சிருக்கேன்" என்கிறார்.